பேங்கு நம்பரும் பாம்பு நம்பரும்

அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். அம்மாவுக்கு மறதி கிடையாது. அவளுடைய கஷ்டமே வேறு. நான்கு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவளால் அதை மறக்கவே முடியாது.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வரும் ஒரு தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் லாரி ஓட்டினான். அண்ணியோடும் அம்மாவோடும், தோட்டத்தார் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டிலேயே இருந்தான். எனக்கு மலாக்கா டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் ஆபிஸ் வேலை. கிளேபாங்கில் சில பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வருவேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவேன். வருகிற ஒன்றரை நாளில் குறைந்தது ஒரு சண்டையாவது போட்டுவிட்டுத்தான் போவேன் என்று அண்ணி சொல்வாள். அது கொஞ்சம் உண்மைதான்.

நம்பர் வாங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஜாசின் டவுனில் நம்பர் கடை இருந்தது. நான்கு இலக்கத்தில் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி ஒரு ரிங்கிட்டோ இரண்டு ரிங்கிட்டோ, எங்கள் பேச்சில் வெள்ளி, கட்டிவிட்டு வர வேண்டும். குலுக்கலில் அந்த எண் விழுந்தால் காசு. எங்கள் லயத்தில் இதைச் சூதாட்டம் என்று யாரும் நினைத்ததில்லை. மாரியம்மனுக்குப் பூ வாங்குவது மாதிரி, அதுவும் வாரத்தில் ஒரு வேலை. எந்த எண்ணைக் கட்டுவது என்பதில்தான் அம்மாவின் திறமை இருந்தது. கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு எண். ரோட்டில் விபத்தில் நசுங்கிக் கிடந்த மோட்டார் காடியின் பிளேட்டில் ஒரு எண். யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால், பிறந்த நேரம் ஒரு எண். ஒருமுறை கட்டிய எண்ணை அப்படியே கைவிடுவதும் பாவம். நாம் விட்ட வாரம் பார்த்து விழுந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே பழைய எண்களும் போகாமல் புதிய எண்களும் வந்து சேர்ந்து, அம்மாவின் தலைக்குள் எக்கச்சக்கமான எண்கள் குடியிருந்தன.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. நல்ல நம்பர் கிடைத்தால் அதை ஒளித்து வைக்கக் கூடாது. நான்கு வீட்டுக்குச் சொல்ல வேண்டும். தான் மட்டும் கட்டி, தான் மட்டும் ஜெயித்த ஆளை லயத்தில் யாரும் மன்னித்ததில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் பேங்கு கார்டு வந்தது.

அதுவரை மாதா மாதம் தோட்டத்து ஆபிஸ் ஜன்னலில்தான் சம்பளம். ஆபிஸ் குமாஸ்தாவான கிராணி பேரைக் கூப்பிடுவார், போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இனிமேல் எல்லார் சம்பளமும் பேங்கில் விழும், ஆளுக்கு ஒரு கார்டு, ஜாசின் பேங்கு மெஷினில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. லயத்தில் பாதிப் பேர் அன்றைக்கே கார்டை மகனிடமோ மருமகனிடமோ கொடுத்துவிட்டார்கள். சிலர் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். கூடவே நம்பரையும் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

அண்ணனும் இயல்பாகக் கையை நீட்டினான். "கார்ட என்கிட்ட குடும்மா. நான் லாரில ஜாசின் வழியாத்தானே போறேன். எடுத்தாந்து தாரேன்."

"வேணாம். நானே எடுத்துக்கறேன்" என்றாள் அம்மா.

அண்ணனுக்கு அது புரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அம்மாவின் காசில் ஒரு காசு தொடமாட்டான். வெயிலில் அலையாதே என்ற பாசத்தில் கேட்டான். அவன் குளிக்கப் போனதும் நான் அம்மாவிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணமாகி வந்த மாசத்துலேர்ந்து என் பேர ஜன்னல்ல கூப்புடுவாங்க. உங்கப்பா போய் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவாரு. ரெண்டு பேரு சம்பளமும் சேத்து. எல்லாரு வீட்லயும் அப்படித்தான். அவரு ஒன்னும் கொற வைக்கல. ஆனா என் சம்பளத்த நான் ஒரு தடவ கூட என் கையால வாங்கினதில்ல பாப்பா. அவரு போன பெறகுதான் ஜன்னலுக்கே போனேன். இப்பத்தான் பழகுச்சு. அதுக்குள்ள ஜன்னல சாத்திட்டாங்க."

இதை அவள் அழுது சொல்லவில்லை. குறையாகக் கூடச் சொல்லவில்லை. அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்தக் கார்டு அம்மாவின் கையைவிட்டுப் போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

முதல் அடியே சறுக்கியது. கார்டு வந்த சில நாளில் தனியாக ஒரு உறை வந்தது. அதைக் கிழித்தால் உள்ளே ரகசிய எண். நான் அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வருவதற்குள் அம்மா உறையைக் கிழித்துவிட்டாள். உள்ளே பார்த்தால் நான்கு இலக்கம். அதுவும் ஒட்டிய உறைக்குள், அவள் பேர் போட்டு, பேங்கே அனுப்பியிருக்கிறது. இதைவிட நல்ல நம்பர் ஒருவருக்கு எங்கிருந்து வரப்போகிறது? அவள் அதைத் தானும் கட்டினாள். வழக்கப்படி இடப்பக்க வீட்டுக்கும் வலப்பக்க வீட்டுக்கும் சொன்னாள். அவர்கள் அவரவர் பங்குக்குச் சொன்னார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது, அம்மாவோடு மரம் வெட்டும் ஓர் அக்கா எதிரே வந்து, "உங்கம்மா பேங்கு நம்பர நான் ரெண்டு வெள்ளிக்குக் கட்டியிருக்கேன் பாப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்து நான் கத்திய கத்தலில் கோழிகள் ஓடின.

"அது ரகசிய நம்பர்மா! யாருகிட்டயும் சொல்லக் கூடாது!"

"நம்பர ஒளிச்சு வைக்கச் சொல்றியா? நாளைக்கு விழுந்துட்டா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"கார்டு தொலஞ்சா எடுக்கறவன் உன் காசெல்லாம் எடுத்துக்குவான்."

"நம்ம ஆளுங்க அப்படியெல்லாம் செய்வாங்களா? பைத்தியக்காரி."

செய்யமாட்டார்கள்தான். ஆனாலும் நான் விடவில்லை. ஆபிஸில் கம்ப்யூட்டருக்கு ஒரு ரகசிய வார்த்தை, இரும்புப் பெட்டிக்கு ஒரு எண், டெலிபோனைப் பூட்டுவதற்கு ஒரு எண் என்று எல்லாவற்றையும் பாதுகாப்பது என் பொறுப்பு. இந்த விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போது நிறைய இருந்தது. முதலாளி தன் ரகசிய வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் முகத்திலேயே ஒட்டி வைத்திருந்ததும், அதை நான் வாரா வாரம் கிழித்துப் போட்டதும் வேறு கதை. மறுவாரம் ஒருநாள் லீவு போட்டு அம்மாவை ஜாசினுக்குக் கூட்டிப்போய் மெஷினில் வேறு எண் மாற்றிக் கொடுத்தேன். புது எண்ணை நானே யோசித்துச் சொன்னேன். அவள் இதுவரை கட்டாத எண்ணாகத் தேடுவதற்கே நேரம் பிடித்தது.

சில வாரம் சரியாகத்தான் போனது. பிறகு பேங்கு அனுப்பிய அந்தப் பழைய எண் விழுந்துவிட்டது.

பெரிய பரிசு இல்லை, ஆறுதல் பரிசுதான். ஆனால் லயமே கட்டியிருந்தது அல்லவா? அன்றைக்கு எங்கள் வரிசையில் கோழிக்கறி மணக்காத வீடு இல்லையாம். அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்த வாரமே சம்பளமும் வந்தது. அம்மா ஜாசினுக்குப் போய், மெஷினில் கார்டைச் செருகி, பூரிப்போடு விழுந்த எண்ணை அழுத்தினாள். தப்பு என்றது. விழுந்த நம்பர் எப்படித் தப்பாகும்? மறுபடியும் அதையே அழுத்தினாள். பிறகு நான் மாற்றிக் கொடுத்த எண்ணை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறாள். வந்தது பாம்புக் கனவின் எண். அதை அழுத்தினாள். மெஷின் கார்டை விழுங்கிக்கொண்டது.

அவள் வெறுங்கையோடு தோட்டத்துப் பஸ்ஸில் திரும்பி வந்தாள். அண்ணன் பேங்குக்கு அழைத்துப் போய், புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்க வைத்து, சம்பளத்தைக் கவுண்டரில் வாங்கிக் கொடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பும் சொன்னான்.

"இன்னும் ஒரு தடவ பாக்கறேன். அடுத்த சம்பளத்துக்கும் முழுங்குச்சுன்னா கார்டு என்கிட்ட. பேசக் கூடாது. சரியா?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா இருந்த காலத்தில் எத்தனையோ விஷயத்துக்கு அவள் அப்படித்தான் ஆட்டியிருப்பாள்.

இனி எண்ணை எங்கே வைப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு. அண்ணன் கார்டின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதச் சொன்னான். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். அப்புறம் கார்டு எதற்கு, காசைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடலாமே என்று நான் எரிந்து விழுந்தேன். அண்ணி சாமி படத்துக்குப் பின்னால் எழுதி வைக்கலாம் என்றாள். ஜாசினில் மெஷின் முன்னால் நிற்கும்போது சாமி படம் கூட வருமா என்று அம்மாவே கேட்டுவிட்டாள். கையில் பச்சை குத்திக்கொள்ளலாம் என்றான் அண்ணன். அது கிண்டல். ஆனால் அம்மா ஒரு நிமிடம் தன் முழங்கையைப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த வாரம்தான் மலாக்கா டவுனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் அதைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு. மூக்குக்கண்ணாடிக் கூடு போலத் திறக்கும். உள்ளே ரப்பர் பொத்தான்கள், மேலே சின்னத் திரை. எலக்ட்ரானிக் டைரி என்றார்கள். பெயர், டெலிபோன் எண், குறிப்பு எல்லாம் அதில் அடித்து வைக்கலாம். அதைவிட முக்கியம், ரகசியப் பகுதி என்று ஒன்று தனியாக இருந்தது. அதற்குள் வைப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது. கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்றில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, அம்மாவின் கண்ணுக்கு ஆகாது. இன்னொன்றின் பொத்தான்கள் கடலைப்பருப்பு அளவு. மரம் வெட்டித் தடித்த விரலுக்கு ஒரே அமுக்கில் மூன்று பொத்தான் விழும். மூன்றாவதில் எண்கள் பெரிதாகத் தெரிந்தன. பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருப்பது அழிந்து போகுமா என்று கேட்டேன். மாற்றுகிற நேரத்தில் சீக்கிரம் மாற்றினால் அழியாது என்றார். எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்த மாதம் எனக்கு வாங்க வேண்டியிருந்த செருப்பை மறந்துவிட்டு அதை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுக் கார்டும் அதற்கான உறையும் வந்திருந்தன. உறையை இந்தத் தடவை நான் வரும்வரை கிழிக்காமல் வைத்திருந்தாள். நானே கிழித்து, அவளுக்கு மட்டும் காட்டி, டைரியைத் திறந்து ரகசியப் பகுதிக்குள் அந்த எண்ணை ஏற்றினேன். அண்ணனும் அண்ணியும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் டைரியை மார்போடு சாய்த்துக்கொண்டு அடித்தேன். பெருமை எனக்குத் தாங்கவில்லை.

"சரி, இப்ப இத எப்படித் தொறக்கறது?" என்றாள் அம்மா.

"இந்தப் பொத்தான அமுக்கினா ஒரு நம்பர் கேக்கும். அத அடிச்சா தொறக்கும்."

"இதுக்கு ஒரு நம்பரா?"

"ஆமா."

"அந்த நம்பர எங்க வைக்கிறது?"

நான் டைரியின் மூடியைத் திறந்து மூடினேன். அம்மா டைரியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பீரோ சாவிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரில்ல இருக்கு."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் வானொலிச் சத்தத்தைக் கூடக் குறைத்தார்கள், என்னவோ நடந்துவிட்டது என்று. "படிச்சவங்க செய்ற வேல லா இது!" என்று அவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. கோபம் யார் மேல் வர வேண்டுமோ அவர்கள் மேல் வருவதில்லையே. அம்மா மேல் வந்தது.

"எல்லாம் உன்னாலதான்! தலைக்குள்ள இத்தன நம்பர வச்சுக்கிட்டு இருந்தா ஒன்னு எப்படி நிக்கும்? என்னென்ன நம்பர் வச்சிருக்க, சொல்லு. ஒவ்வொன்னா சொல்லு. இப்பவே எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுடறேன். ஒன்னு மட்டும் தலைல இருக்கட்டும்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எழுதிக்கோ" என்றாள்.

பாம்புக் கனவிலிருந்து தொடங்கினாள். நான் ஆங்கில எழுத்தில் பாம்பு என்று அடித்து, பக்கத்தில் எண்ணை அடித்தேன். அடுத்தது, மஸ்ஜித் தானா ரோட்டில் கவிழ்ந்த ஒரு வேன். அடுத்தது, தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருடம். அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக ஒரு எண் சொன்னாள். இது என்ன என்று கேட்டேன்.

"அண்ணன் மொத மொதல்ல ஓட்டின லாரி. பிளேட் நம்பர்."

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினான். அந்த லாரியின் எண் அவனுக்கே நினைவில்லை.

பிறகு ஒன்று. அது எனது பள்ளியிறுதி ஐந்தாம் பாரப் பரீட்சை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். ரிசல்ட் வந்த வாரம் கட்டினாளாம், அதற்குப் பிறகு விடவே இல்லையாம். "நீ பாஸ் பண்ணிட்ட, நம்பர்தான் இன்னும் பாஸாவல" என்றாள். அண்ணி இந்த வீட்டுக்குக் குத்துவிளக்கேற்றி உள்ளே வந்த தேதி ஒன்று. அண்ணியின் கலைந்துபோன முதல் பிள்ளைக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவத் தேதி ஒன்று. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். அண்ணி எழுந்துபோய்த் தேநீர் கலக்கினாள். அதை என்ன பேரில் அடிப்பது என்று தெரியாமல் பேரில்லாமல் விட்டேன்.

"ஆஸ்பத்திரி" என்று ஒரு எண் சொன்னாள். வார்டு எண்ணும் கட்டில் எண்ணும் சேர்த்தது. அப்பா கடைசியாகப் படுத்திருந்த கட்டில். அதையுமா கட்டினாய் என்று கேட்டேன். "அவரு வீட்டுக்கு வந்துருவாருன்னு நெனச்சுக் கட்டினேன்" என்றாள். பிறகும் ஏன் கட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து, நான் அடிக்க அவன் சரிபார்க்க, அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதுவும் அவளிடம் எண்ணாகாமல் போகவில்லை. நம்பர் பைத்தியம் என்று நாங்கள் அவளைக் கேலி செய்ததெல்லாம் எங்களைத்தான் அவள் வாரா வாரம் ஒரு வெள்ளிக்கும் இரண்டு வெள்ளிக்கும் கட்டிக்கொண்டிருந்தாள் என்று தெரியாமல். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே அவள் முதுகில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையைத் தட்டிவிட்டேன்.

எல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா தலையை ஒரு ஆட்டு ஆட்டி, "லேசா இருக்கு" என்றாள். அண்ணன், "உள்ள ஒன்னும் இல்லல்ல, அதான்" என்று சொல்லி ஓர் அடி வாங்கினான்.

டைரிக்கு நாங்கள் பூட்டே போடவில்லை. அதில் இருந்தது எதுவும் லயத்துக்குத் தெரியாத எண் இல்லை. பேங்கு எண்ணை ரகசியப் பகுதியிலிருந்து அழித்துவிட்டேன். அது மட்டும்தான் அம்மாவின் தலைக்குள். அம்மாவால் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் எண்ணைப் பார்த்தாலே அது யார் என்று தெரிந்துவிடும். சாயங்காலத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அண்ணி சொன்னாள்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை முழுதாக வரவில்லை. சம்பளம் விழுந்த சனிக்கிழமை ஆபிஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நேரே ஜாசினில் இறங்கினேன். அண்ணன் அம்மாவைக் காடியில் அழைத்து வந்திருந்தான். பேங்குக்கு எதிரே பசார் பக்கம் நிறுத்திவிட்டு, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்ப்பை மறக்கவில்லை என்று முகம் சொன்னது.

மெஷினுக்கு முன் வரிசை நீளமாக இருந்தது. சம்பள நாள். மகன்களும் மருமகன்களும் கடைக்காரர்களும் கையில் ஏழெட்டுக் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் பேனாவால் எழுதிய எண். அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு கார்டை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆபிஸ் ஜன்னலுக்குப் போகிற நாளில் கட்டுகிற சேலை அது.

அவள் முறை வந்தது. நான் அவளோடு மெஷின் இருந்த படிமேடையில் ஏறி, தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். தடுமாறினால் காதோடு எண்ணைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். உறையைக் கிழித்தவள் நான்தானே.

அம்மா கார்டைச் செருகினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"நான்தான்மா. எனக்குத்தான் தெரியுமே நம்பர்."

"திரும்பு லா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

திரும்பினேன். பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு ஒன்று. பிறகு நின்றுவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் காடிக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பாமல், வாயை மட்டும் கோணலாக்கி, உறையில் இருந்த எண்ணின் மூன்றாவது இலக்கத்தை முணுமுணுத்தேன்.

"சும்மா இரு. அது பழைய நம்பர்" என்றாள் அம்மா.

"பழசா?"

"செவ்வாக்கெழம வந்து மாத்திட்டேன். வாசல்ல நிக்கற ஜாகா கிட்ட எந்தப் பொத்தான்னு கேட்டேன். அவரையும் திரும்பி நிக்கச் சொல்லிட்டுத்தான் அமுக்கினேன்."

பேங்கு வாசலில் நின்ற மலாய்க்காரக் காவலாளியைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மெஷினுக்குள் பணம் எண்ணப்படும் சத்தம் கேட்டது. அம்மா நோட்டுகளை எடுத்து, கார்டை எடுத்து, சீட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். அவசரமே இல்லை. பின்னால் நின்ற கடைக்காரர் கனைத்தார். அதற்கும் அவள் அவசரப்படவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன். "புது நம்பர் என்னாம்மா?"

"உனக்கு எதுக்கு?"

"மறந்துட்டா? யாருக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா? அண்ணன் கிட்ட சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லு."

அம்மா நின்று என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"உங்கப்பா உயிரோட இருந்திருந்தா அவருகிட்ட கூடச் சொல்லியிருக்க மாட்டேன் பாப்பா."

சொல்லிவிட்டு ரோட்டின் இருபக்கமும் பார்த்துக் கடந்து, அண்ணனின் காடியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.